வாய் திறந்து கேட்டால்தான் மௌன உரிமை

சட்டம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு விடை தரும் இந்தப் பகுதிக்கு, அமெரிக்கப் போலீஸ், கைது, அங்குள்ள அரசியலமைப்பு உரிமைகள் ஆகியவற்றைப் பற்றிக் கணிசமான கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து வந்தவை பாதி. படம் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்டவை மீதி.

ஆங்கிலப் படங்களில் கைவிலங்கு மாட்டும்போதே போலீஸ்காரர், “பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று ஒப்பிக்கிறாரே, அதைச் சொல்ல மறந்துவிட்டால் குற்றவாளி தப்பிவிடுவாரா?
– வாசகர், மயிலாப்பூர்

தப்பிவிட மாட்டார். கைது செய்தவுடன் அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒருவர் போலீஸ் காவலில் இருக்க வேண்டும், அவரிடம் விசாரணையும் நடக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில்தான், அவர் பேசாமல் இருக்கலாம், பேசினால் அது அவருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் பயன்படும், வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்ற நான்கையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், அந்த விசாரணையில் அவர் கூறியதைக் கொண்டு அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்க முடியாது. கைரேகை, நேரில் பார்த்த சாட்சி, கேமரா பதிவு என்று வேறு சான்றுகள் இருந்தால் வழக்கு அவற்றின் பலத்தில் நடக்கும்.

இந்த எச்சரிக்கைக்குப் பெயர் தந்தவரின் கதையே இதற்கு நல்ல சான்று. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில், 1963 மார்ச் மாதம், கடத்தல், பாலியல் வன்முறை ஆகிய குற்றங்களுக்காக எர்னஸ்டோ மிராண்டா என்பவரைப் போலீசார் பிடித்து, தனி அறையில் சுமார் இரண்டு மணி நேரம் விசாரித்து, எழுத்து வாக்குமூலத்துடன் வெளியே வந்தார்கள். அவர் எழுதிக்கொடுத்த தாளின் தலைப்பகுதியில், தன்னுடைய சட்ட உரிமைகளை முழுமையாக அறிந்தே இதைத் தருவதாக ஒரு வாசகம் முன்பே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பதை விசாரித்த அதிகாரிகளே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற, அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் 1791 முதல் புத்தகத்தில் இருந்தும், அந்த அறைக்குள் அது நுழையவே இல்லை. 1966 ஜூனில், தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

படங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. 1967இல் அந்த வாக்குமூலம் இல்லாமலே மறுவிசாரணை நடந்தது. அவரோடு முன்பு குடும்பம் நடத்திய பெண், தன்னிடம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். மிராண்டா மீண்டும் தண்டிக்கப்பட்டார். 1972இல் பரோலில் வெளியே வந்தவர், தம் பெயரால் அழைக்கப்பட்ட எச்சரிக்கை அட்டைகளில் கையெழுத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். 1976 ஜனவரியில் ஃபீனிக்ஸில் ஒரு மதுக்கடைத் தகராறில் குத்திக் கொல்லப்பட்டார்.

அந்தத் தீர்ப்பை மாற்றச் சட்டமியற்றும் அவை செய்த முயற்சியை உச்ச நீதிமன்றம் 2000இல் ஏற்கவில்லை. ஆனால் 2022இல், எச்சரிக்கை தராமல் விசாரித்தார் என்பதை மட்டும் காரணம் காட்டி ஒரு போலீஸ் அதிகாரி மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாக்குமூலத்தைத் தடுக்கலாம், வாங்கியவரைக் கேள்வி கேட்க முடியாது என்ற இந்த நிலை எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது.

பேசாமல் இருப்பது உரிமை என்றால், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே போதுமே?
– வாசகி, பாளையங்கோட்டை

போதாது. அமெரிக்கச் சட்டத்தில் சாதாரண மனிதர் ஏமாந்துபோகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு துப்பாக்கிக் கொலையில் சந்தேகிக்கப்பட்ட தாம்ப்கின்ஸ் என்பவரை, சுமார் எட்டுக்குப் பத்து அடி அறை ஒன்றில் உட்கார வைத்து, உரிமைகள் அச்சிட்ட தாளையும் கொடுத்துவிட்டு, 2001இல் போலீசார் விசாரித்தார்கள். தாளில் கையெழுத்திட அவர் மறுத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடந்த விசாரணையில் அவர் பெரும்பாலும் வாய் திறக்கவே இல்லை. நாற்காலி கடினமாக இருக்கிறது என்பதையும், கொடுத்த மிட்டாய் வேண்டாம் என்பதையும் சொன்னார். இரண்டே முக்கால் மணி நேரம் கழிந்தபின் ஓர் அதிகாரி, கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றபோது அவர் கண்கள் கலங்கின. வேண்டிக்கொள்வாயா என்ற கேள்விக்கும் ஆமாம் என்றார். அந்தப் பையனைச் சுட்டதற்காக உன்னை மன்னிக்கும்படி வேண்டிக்கொள்கிறாயா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கும் ஆமாம் என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிரான சான்றாயிற்று. அத்தனை நேரம் மௌனமாக இருந்ததே உரிமையைக் கோரியதற்குச் சமம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2010இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. நான் பேச விரும்பவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் விசாரணை அங்கேயே நின்றிருக்கும், அவர் சொல்லவில்லை என்பது பெரும்பான்மையினரின் பார்வை. மௌன உரிமையைப் பெற ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும் என்பது தலைகீழான நியாயம் என்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். என் கட்சி அவர் பக்கம்தான். ஆனால் நடைமுறையில் செல்வது பெரும்பான்மையினர் சொன்னது.

கைதுக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். டெக்சாஸில் ஒருவர் கொலை வழக்கொன்றில் தாமாகவே காவல் நிலையம் சென்று ஒரு மணி நேரம்போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிடைத்த தோட்டா உறைகள் உன் துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டதும் பேச்சு நின்றது. தரையைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார். அந்த மௌனத்தையே குற்ற உணர்வின் அடையாளமாக அரசு வழக்கறிஞர், முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியிடம் காட்டினார். உரிமையை வெளிப்படையாகக் கோராததால் அவர் குறை சொல்ல முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

வழக்கறிஞரைக் கேட்பதிலும் இதே கறார். கேட்டுவிட்டால், வழக்கறிஞர் வரும்வரை போலீசார் விசாரணையைத் தொடரக் கூடாது என்பது 1981 முதல் உறுதியான விதி. ஆனால் கடற்படையைச் சேர்ந்த ஒருவர், “நான் ஒரு வழக்கறிஞரிடம் பேசினால் நல்லதோ என்னவோ” என்ற பொருள்பட இழுத்ததைக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று 1994இல் சொல்லிவிட்டார்கள். பெரியவர்களிடமும் அதிகாரிகளிடமும் எதையும் சுற்றி வளைத்துப் பணிவாகக் கேட்டே பழகிய நம்மவர்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருப்பது மிகவும் அவசியம். “எனக்கு வழக்கறிஞர் வேண்டும், அவர் இல்லாமல் நான் பதில் சொல்ல மாட்டேன்” என்று நேராகச் சொல்ல வேண்டும்.

விசாரணையில் போலீசார் பொய் சொல்லலாமா?
– வாசகர், கோவை

சொல்லலாம். கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை உச்ச நீதிமன்றம் 1969இல் செல்லும் என்றது. அடித்தோ மிரட்டியோ வாங்கினால்தான் செல்லாது என்பதல்ல, ஆனால் பொய் சொன்னது மட்டுமே அதைச் செல்லாததாக்கிவிடாது. 18 வயதுக்குட்பட்டவர்களிடம் இப்படி ஏமாற்றி விசாரிப்பதற்கு எதிராக 2021இல் இல்லினாய் மாநிலம் முதலில் சட்டம் கொண்டுவந்தது. ஒரிகன் உள்ளிட்ட வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

டல்லாஸில் வேலை பார்க்கும் என் மகனின் காரை ஒரு சின்ன விதிமீறலுக்காக நிறுத்திய போலீஸ்காரர், டிக்கியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். எதுவும் ஒளிக்கவில்லையே என்று இவனும் திறந்து காட்டியிருக்கிறான். மறுத்திருக்க முடியுமா?
– வாசகி, ஈரோடு

மறுத்திருக்கலாம். நியாயமற்ற சோதனைகளுக்கு எதிரான பாதுகாப்பைத் தருவது நான்காவது திருத்தம். ஆனால் சம்மதம் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு அவ்விடத்திலேயே கைவிடப்பட்டதாகிறது. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று போலீஸ்காரர் எடுத்துச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை என்பது 1973இல் வந்த தீர்ப்பு. “பார்க்கலாமா?” என்று அவர் கேட்பதற்குக் காரணமே பல நேரங்களில் சம்மதம் இல்லாமல் பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லாமல் இருப்பதுதான். அரசியலமைப்புச் சட்டம் அடித்தளம் மட்டுமே. மாநிலங்கள் அதற்கு மேல் கூடுதல் பாதுகாப்பு தரலாம். தமிழர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில், மறுக்கலாம் என்பது சம்மதம் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபித்தால்தான் சம்மதமே செல்லும். டல்லாஸ் இருக்கும் டெக்சாஸில் அந்த வசதி இல்லை.

எதை மறுக்க முடியாது என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள். விதிமீறல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வண்டியை நிறுத்தலாம். உண்மையான நோக்கம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று 1996இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். கடத்தல் பொருளோ போதைப்பொருளோ உள்ளே இருக்கிறது என்று நம்பப் போதிய காரணம் இருந்தால், நீதிபதியின் ஆணை இல்லாமலே காரைச் சோதிக்கலாம் என்பது 1925லிருந்தே உள்ள சட்டம். அபராதச் சீட்டைக் கொடுத்து முடித்தபின், மோப்ப நாய் வரட்டும் என்று காரணமில்லாமல் நிறுத்திவைப்பது மட்டும் கூடாது. நெப்ராஸ்காவில் ஏழெட்டு நிமிடங்கள் அப்படி நிறுத்திவைத்ததையே 2015இல் தவறு என்றார்கள்.

கைப்பேசி தனிக் கதை. கைது செய்யப்பட்டவரின் பையிலிருப்பதை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் பையில் இருக்கும் கைப்பேசியைத் திறந்து பார்க்க நீதிபதியின் ஆணை வேண்டும் என்று 2014இல் ஒருமனதான தீர்ப்பு வந்தது. ஒருவருடைய வாழ்க்கையே அதற்குள் இருக்கிறது என்பதை வயதான நீதிபதிகள் ஒன்பது பேரும் உணர்ந்திருந்தது எனக்கு இன்றும் வியப்புதான். “பூட்டைத் திறந்து கொடுங்கள்” என்று கேட்டு நீங்களே திறந்து கொடுத்துவிட்டால், மேலே சொன்ன டிக்கியின் கதைதான்.

சட்டவிரோதமாகச் சோதித்துக் கண்டுபிடித்தாலும் பொருள் பொருள்தானே? போலீஸ் செய்த தவறுக்காகக் குற்றவாளியை விடுவது என்ன நியாயம்?
– வாசகர், சேலம்

1926இல் நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோஸோ இதையேதான் கேட்டார்: காவலர் தவறியதற்காகக் குற்றவாளி விடுதலையாக வேண்டுமா? சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சான்றை ஏற்கக் கூடாது என்ற தடை, அவர் காலத்தில் மத்திய அரசு வழக்குகளில் மட்டுமே 1914 முதல் இருந்தது. மாநிலப் போலீசாருக்கு அது பொருந்தவில்லை.

நிலைமையை மாற்றியது கிளீவ்லாந்து நகரில் 1957 மே மாதம் நடந்த ஒரு சம்பவம். பின்னாளில் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திப் புகழ்பெற்ற டான் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்ததையடுத்து, சந்தேக நபர் டால்ரீ மேப் என்ற பெண்ணின் வீட்டில் இருப்பதாகத் தகவல் கிடைத்துப் போலீசார் வந்தார்கள். தன் வழக்கறிஞரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, ஆணை இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார் மேப். சில மணி நேரத்தில் கூடுதல் ஆட்களுடன் வந்து கதவை உடைத்தார்கள். ஆணை எங்கே என்று கேட்டவரிடம் ஒரு தாளை ஆட்டிக் காட்டினார்கள். அவர் அதைப் பறித்துச் சட்டைக்குள் செருகிக்கொள்ள, போராடி அதைத் திரும்பப் பிடுங்கி, அவருக்குக் கைவிலங்கு மாட்டினார்கள். வீடு முழுவதும் துழாவியதில் ஒரு பெட்டிக்குள் ஆபாசப் புத்தகங்களும் படங்களும் கிடைத்தன. அவற்றுக்காக அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தத் தாளை அரசுத் தரப்பு விசாரணை நீதிமன்றத்தில் காட்டவே இல்லை. இப்படிக் கிடைத்த சான்றை இனி எந்த மாநில நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் விதித்தது.

உங்கள் கேள்விக்கு விடை அந்தத் தாளில் இருக்கிறது. வெறும் தாளை ஆட்டினாலே வழக்கு ஜெயிக்கும் என்றால், நீதிபதியிடம் போய் ஆணை கேட்க எந்தப் போலீஸ்காரர் மெனக்கெடுவார்? ஆணை செல்லாது என்று தெரியாமல் நல்லெண்ணத்துடன் செயல்பட்டிருந்தால் சான்று செல்லும் என்பதுபோன்ற விலக்குகளை 1984 முதல் நீதிமன்றமே சேர்த்துக்கொண்டு வந்திருப்பதால், இன்று இந்தத் தடை முன்புபோல் இறுக்கமாக இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமோ 1973லேயே வேறு வழியில் போய்விட்டது. சோதனை முறைகேடானது என்பதற்காக மட்டும் பொருத்தமான சான்றை ஒதுக்க வேண்டியதில்லை என்பது இங்குள்ள நிலை.

இந்தியாவிலும் மிராண்டா எச்சரிக்கை உண்டா?
– வாசகர், புதுச்சேரி

அதே வடிவில் இல்லை. நந்தினி சத்பதி வழக்கில் 1978இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் மிராண்டா தீர்ப்பை எடுத்துக்காட்டி, தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 20(3) பிரிவு தரும் பாதுகாப்பு போலீஸ் விசாரணை நிலையிலேயே தொடங்கிவிடுகிறது என்றார். மேலும், போலீஸ் அதிகாரியிடம் தரும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக இங்கே செல்லவே செல்லாது. ஆங்கிலேயர் காலத்திலேயே வந்த தடை அது. அங்கே அது செல்லும் என்பதால்தான் எச்சரிக்கைக்கு அத்தனை முக்கியத்துவம்.

பேரன் பிறந்ததையொட்டி நானும் என் மனைவியும் ஆறு மாதம் அமெரிக்கா போகிறோம். தெருவில் நடந்துபோன இந்தியப் பெரியவர் ஒருவரைப் போலீசார் தள்ளிவிட்டதாக முன்பு செய்தி வந்ததே, அந்த வழக்கு என்ன ஆயிற்று?
– வாசகர், திருச்சி

2015 பிப்ரவரியில், அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில் நடந்தது அது. பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர், மகன் வீட்டுக்குப் பக்கத்தில் காலாற நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒருவர் சந்தேகத்துக்குரிய ஆள் நடமாடுகிறார் என்று போலீசுக்குத் தொலைபேசியில் சொல்ல, வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஆங்கிலம் தெரியாது, இந்தியா என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. ஓர் அதிகாரி அவர் கையைப் பின்னால் பிடித்தபடி காலை வாரித் தரையில் வீழ்த்தினார்; முதுகுத் தண்டில் அடிபட்டு அவருடைய உடல் பகுதியளவு செயலிழந்தது. போலீஸ் காரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

அப்படிப் பதிவாகியும், அந்த அதிகாரி மீதான மத்திய அரசுக் குற்ற வழக்கில் இரண்டு முறை ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்தார். போலீஸ் பயன்படுத்திய பலம் நியாயமானதா என்பதைப் பின்னாலிருந்து பார்த்துச் சொல்லக் கூடாது, அந்த நொடியில் அங்கிருந்த ஒரு நியாயமான அதிகாரியின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்று 1989இல் வகுக்கப்பட்ட அளவுகோல் போலீசாருக்குச் சாதகமானது. இழப்பீட்டு வழக்குகளில் இன்னொரு சுவரும் உண்டு: செய்தது சட்டவிரோதம் என்பது முன்பே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்தால் ஒழிய, அதிகாரி தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பல வழக்குகள் அந்தச் சுவரில் முட்டி விழுகின்றன. இந்த வழக்கு விழவில்லை. எதிர்க்காதவரைக் கீழே வீழ்த்தக் கூடாது என்பது யாருக்கும் தெரிந்த விஷயம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அந்தப் பாதுகாப்பை மறுத்தது. மறு ஆண்டில் 17.5 லட்சம் டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது.

நீங்கள் தாராளமாக நடைப்பயிற்சி போகலாம். தெருவில் ஒருவரை நிறுத்தி விசாரிக்க, குற்றம் நடக்கிறது என்று சந்தேகிக்க எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் போலீசாருக்கு இருக்க வேண்டும். ஆயுதம் இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால்தான் உடலைத் தடவிப் பார்க்கலாம் என்பது 1968 தீர்ப்பு. ஆனால் அந்தக் காரணம் உண்டா இல்லையா என்ற வாதத்தை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் வேண்டாம். கைகள் தெரியும்படி நில்லுங்கள், சட்டைப்பைக்குள் சட்டென்று கையை விடாதீர்கள். மகனின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்று இருவரிடமும் இருக்கட்டும். வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டமும் உண்டு. கைது என்று வந்துவிட்டால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். 1963 வியன்னா ஒப்பந்தப்படி அது உங்கள் உரிமை. அதையும் கேட்டால்தான் செய்வார்கள்.

வழக்கறிஞர் வைக்க முடியாத ஏழைகளுக்கு அரசே வழக்கறிஞர் தருகிறதாமே, பிறகு ஏன் அங்கே சிறைகள் நிரம்பி வழிகின்றன?
– வாசகி, வேலூர்

தருவது உண்மை. ஃபுளோரிடாவில் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றில் புகுந்து திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியன், வழக்கறிஞர் கேட்டும் கிடைக்காமல் தாமே வாதாடித் தோற்று, ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார். சிறைத் தாளில் பென்சிலால் அவர் எழுதியனுப்பிய மனுவின் மீதுதான் 1963இல் அந்த உரிமை எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. வழக்கறிஞருடன் நடந்த மறுவிசாரணையில் ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் அவரை விடுவித்தது.

ஆனால் கிடியனைப்போல ஜூரி முன்னால் போய் நிற்பவர்கள் இன்று மிகக் குறைவு. மத்திய அரசு வழக்குகளில் 97 சதவீதத் தண்டனைகளும் மாநில வழக்குகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் எழுதியது. ஒப்புக்கொண்டால் இரண்டு ஆண்டு, வழக்காடித் தோற்றால் பத்து ஆண்டு என்ற வகையில் அரசு வழக்கறிஞர் பேரம் பேசும்போது, மேலே நான் சொன்ன எச்சரிக்கை, சோதனை, சான்று விலக்கு எல்லாமே வாதிடப்படாமலே போய்விடுகின்றன. ஏழைகளுக்காக அரசு அமர்த்தித் தரும், தலைக்கு மேல் வழக்குகளைச் சுமக்கும் வழக்கறிஞருக்கு ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்க நேரமும் இருப்பதில்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பேரம் இன்னும் ஆபத்தானது. ஹோண்டுராஸில் பிறந்து, அமெரிக்கப் படையில் வியட்நாம் போர்க்காலத்தில் பணியாற்றி, 40 ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி அங்கே குடியிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், கஞ்சா கடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இத்தனை ஆண்டு இருந்தவருக்குக் குடியேற்றப் பிரச்சினை எதுவும் வராது என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் குற்றத்துக்கு நாடுகடத்தல் ஏறக்குறைய நிச்சயம். அந்த ஆபத்தைக் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையில் சிறு பொருளை எடுத்த வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு என்று எதுவாக இருந்தாலும், ஒப்புதல் தாளில் கையெழுத்திடுவதற்கு முன்பே, இதனால் என் விசா என்ன ஆகும் என்று வழக்கறிஞரிடம் நேராகக் கேட்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு விவகாரம் குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே அரசு தன் செலவில் வழக்கறிஞர் தருவதில்லை.